மாடித் தோட்டக்காரர்கள் நமக்குப் போட்டியா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டாங்க: "பட்டணத்துக்காரங்க மொட்டை மாடியிலேயே கத்தரி, வெண்டை போட்டுக்கிட்டா நம்ம காயை யாரு வாங்குவா?" நியாயமான கேள்வி.

சென்னையிலும் கோவையிலும் 2013-14இல் அரசு மாடித் தோட்டத் திட்டம் தொடங்கியது. தென்னை நார்க்கழிவு, பை, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்தாங்க. ஆனா ஒரு மாடியில் எவ்வளவு விளையும்? கொஞ்சம் கீரை, நாலு தக்காளிச் செடி. நெல்லும் வேர்க்கடலையும் தர்பூசணியும் நம்ம ஊர் மண்ணில் இருந்துதானே போகணும்?

தர்பூசணின்னதும் 2025 கோடை ஞாபகம் வருது. செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கம் மார்கழி, தையில் போட்டது பங்குனியில் அறுப்புக்கு வந்த நேரம். பழத்துக்குள் ஊசி போட்டு சாயம் ஏத்துறாங்கன்னு பேச்சு பரவிச்சு. பட்டணத்தில் வாங்குறவங்க பயந்து ஒதுங்கிட்டாங்க. விலை சரிஞ்சது, வெட்டுக்கூலி கட்டாதுன்னு பழத்தை வயலிலேயே விட்டாங்க. விளக்கம் வந்தது, ஆனா பழம் அதுவரைக்கும் காத்திருக்குமா? அந்தப் பழத்தை யார் விளைவிச்சதுன்னு வாங்குறவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்க. நடுவில் வியாபாரி மட்டும் இருந்தா நமக்காகப் பேச ஆள் கிடையாது.

அதனால மாடியில் செடி வைக்கிறவங்களை நான் போட்டியா நினைக்கலை. ஒரு செடியைப் பூச்சி தின்னாலே அவங்க மனசு என்ன பாடு படுதுன்னு பாருங்க. நம்ம கஷ்டம் அவங்களுக்குச் சீக்கிரம் புரியும். அவங்களுக்கு மாசாமாசம் நாற்று வேணும், மண்புழு உரம் வேணும், வேப்பம் புண்ணாக்கு வேணும். குழித்தட்டில் தக்காளி நாற்று சுமார் 25 நாளில் தயார், மிளகாய்க்கு 35, 40 நாள் ஆகும். இதுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். வீட்டுப் பின்புறம் ஒரு நிழல்வலைப் பந்தலும் தண்ணியும் போதும். நிலம் இல்லாத உறுப்பினர்கள் நம்மில் பாதிப் பேர், அவங்களுக்காகத்தான் இதை முதலில் சொல்றேன். நாற்று வாங்க வர்றவங்க கையில் நம்ம அரிசியும் கடலையும் போகும்.

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது. கடை வாடகை இல்லை, தராசு தர்றாங்க, விலைப் பலகை இருக்கு. ஆனா அடையாள அட்டை நிலத்தையும் சாகுபடியையும் பார்த்துக் கொடுக்கிறது. பட்டா யார் பேரில் இருக்கு? களை எடுக்கிறது நாம, காகிதம் மாமனார் பேரில்! வீட்டில் இதைக் கொஞ்சம் பேசுங்க, சண்டை வேண்டாம்.

இன்னொன்று. மண்புழு உரம்னு சொல்லி பாதி மண்ணைக் கலந்து கொடுத்தா ரெண்டாவது தடவை யாரும் வர மாட்டாங்க. ஒரு குழு செய்தா எல்லாக் குழுவுக்கும் கெட்ட பேர். தரத்தை நாமே மாத்தி மாத்திப் பார்க்கணும், இந்தக் குழுவுக்கு அந்தக் குழு.

மூணு குழு முன்வந்தா போதும். முதல் சுற்று தட்டுக்கும் நிழல்வலைக்கும் கூட்டமைப்பு நிதியிலிருந்து கடன் கேட்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குடியிருப்பு, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம்னு வச்சுக்கலாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க குழுவில் யார் யாருக்குத் தண்ணி வசதி இருக்கு, எத்தனை தட்டு வைக்க முடியும்னு எழுதிக்கிட்டு வாங்க.