மோரிஸ் மைனரும் வோல்க்ஸ்வேகனும்



தோட்டப்புறத்தில் வளர்ந்த பலருக்கும் இரண்டு பழைய காடிகள் நினைவிருக்கும். ஒன்று மோரிஸ் மைனர். மற்றது ஆமையைப் போல முதுகு வளைந்த வோல்க்ஸ்வேகன். நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில் கிராணியார் முதலாவதையும், டிரெசர் இரண்டாவதையும் வைத்திருந்தார்கள். 1980களிலேயே அவை கிழட்டுக் காடிகள்தாம். ஆனாலும் லயத்துப் பிள்ளைகள் நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்து, எது சிறந்ததென்று சண்டையிடுவோம்.

மோரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பவரின் வடிவமைப்பில் 1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையான முதல் பிரிட்டிஷ் காடி அதுவே. வோல்க்ஸ்வேகன் ஜெர்மனியில் ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்தது. 2003-இல் மெக்சிகோவில் கடைசிக் காடி வெளியேறும் வரை இரண்டு கோடியே பத்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன.

இனி கணக்கைப் பார்ப்போம். 1962-க்குப் பிந்திய மோரிஸ் மைனரின் எஞ்சின் 1098 சிசி. அதாவது, நான்கு சிலிண்டர்களின் கொள்ளளவும் சேர்ந்து ஒரு லிட்டருக்குச் சற்று அதிகம். அது தருவது 48 குதிரைச் சக்தி. அதே காலத்து வோல்க்ஸ்வேகன் 1200-இன் எஞ்சின் 1192 சிசி. ஆனால் தருவதோ 34 குதிரைச் சக்திதான். பெரிய எஞ்சினுக்குக் குறைந்த சக்தியா என்று நீங்கள் கேட்கலாம். மோரிஸ் தன் முழுச் சக்தியைக் கொடுக்க நிமிடத்துக்கு 5100 சுற்று சுழல வேண்டும். வோல்க்ஸ்வேகனுக்கு 3600 சுற்றே போதும். ஓடி ஓடிப் பால்வெட்டுகிறவர் விரைவில் களைத்துப் போவார் அல்லவா? எஞ்சினும் அப்படித்தான். வோல்க்ஸ்வேகனின் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 115 கிலோமீட்டர். அதே வேகத்தில் நெடுநேரம் ஓடுவதற்கென்றே அதைச் செய்தார்கள். மோரிஸ் ஏறக்குறைய 120-ஐ எட்டும். இந்த ஐந்து கிலோமீட்டருக்காகவா அத்தனை சண்டை!

உண்மையான வேறுபாடு எஞ்சின் இருக்கும் இடத்தில்தான். மோரிஸுக்கு எஞ்சின் முன்னால். அதைக் குளிர்விப்பது தண்ணீர். வோல்க்ஸ்வேகனுக்கு எஞ்சின் பின்னால், குளிர்விப்பது காற்று. ரேடியேட்டரும் இல்லை, கொதிக்கத் தண்ணீரும் இல்லை. இரண்டு காடிகளையும் தள்ளுவது பின்சக்கரங்களே. வோல்க்ஸ்வேகனில் எஞ்சினின் பாரம் அந்தச் சக்கரங்களின் மேலேயே அழுந்துவதால், சேற்று மேட்டில் அவை எளிதில் வழுக்குவதில்லை. ஆனால் அதே பாரம் வளைவில் எதிரியாகும். வேகமாகத் திரும்பும்போது ஓட்டுநர் பயந்து திடீரென்று எண்ணெய்க் கட்டையிலிருந்து காலை எடுத்தால், வால் பக்கம் வெளியே வீசும். மோரிஸ் அப்படியல்ல. ஸ்டீயரிங்கைத் தொட்டவுடன் சொன்னபடி திரும்பும். வளைவுகள் நிறைந்த தார்ச் சடக்கில் நான் மோரிஸ் கட்சிதான்.

என் தங்கை பிறந்த இரவு நல்ல மழை. தோட்டத்து லோரி பட்டணம் போயிருந்தது. பெரிய சடக்குக்குப் போக மூன்று கிலோமீட்டர் செம்மண் மேடு. அப்பா நனைந்தபடி கிராணியார் வீட்டுக்கு ஓடினார். தம் காடியை யாரும் குறை சொல்லப் பொறுக்காத மனிதர் அவர். அன்று அவரே, “என்னுடையது வேண்டாமப்பா, டிரெசரைக் கூப்பிடு. மேட்டுக்கு அவர் காடிதான் சரி” என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் நடந்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு வோல்க்ஸ்வேகன் மேடு ஏறிய சத்தம் மறையும் வரை நான் லயத்து வாசலில் நின்றேன்.

மூன்றாம் நாள் செம்மண் காய்ந்திருந்தது. அம்மாவும் தங்கையும் மோரிஸில் வந்து இறங்கினார்கள்.