ஆங்கில எழுத்துக்கூட்டும் நம் பிள்ளைகளும்

(தண்டலத்தில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம்மவருட் பலர் ஆங்கில பாஷையின் எழுத்துக்கூட்டிலும் இலக்கணத்திலும் இடர்ப்படுவது ஏன் என்பதே இன்று பேசும்படி காரியதரிசி அவர்கள் எனக்குக் குறித்த விஷயம். இது பண்டிதர்க்கே உரிய வாதம் என்று எண்ணிவிடலாகாது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பேட்டைகள் ஏற்பட்ட பிறகு, ஏரித் தண்ணீரை நம்பி ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைகள் ஆலை வாயில்களில் விண்ணப்பத்தோடு நிற்கிறார்கள். இரும்பைப் பற்றவைக்கக் கற்றவனும், இயந்திரத்தின் கோளாற்றை அதன் சத்தத்தைக் கொண்டே அறிபவனும், ஒரு பக்க ஆங்கிலத் தாளைக் கண்டதும் நா எழாமல் நின்றுவிடுகிறார்கள். மூளை போதாது என்று வீட்டார் சொல்ல, பிள்ளையும் அதை நம்பிவிடுகிறான். அது பொய் என்று காட்டவே யான் எழுந்தேன்.

முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். தண்டலம் என்பதில் முதலெழுத்து தகரம். இடையில் வருவது டகரம். இவ்விரண்டும் வேறு வேறு ஒலிகள் என்பது நம் குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலத்திலோ நம் தகரத்துக்கு நேரான எழுத்தும் இல்லை, ஒலியும் இல்லை. ஆதலால் டி என்னும் எழுத்தோடு எச் என்பதைச் சேர்த்துப் பலகையில் எழுதுகிறோம். எச்சை விட்டுவிட்டால் வெள்ளைக்காரர் 'டண்டலம்' என்பார். சேர்த்து எழுதினாலோ வடநாட்டார் அதை அவர்கள் பாஷையிலுள்ள மூச்சுக் கலந்த வேறொரு தகரமாகக் கொள்வர். ஒரே பலகைக்கு மூன்று உச்சரிப்பு!

இச்சங்கடத்தை அரசாங்கத்தாரே அநுபவித்தனர். 2020ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், 1018 ஊர்களின் ஆங்கிலக் கூட்டைத் தமிழ் உச்சரிப்புக்கு ஒத்தபடி மாற்றும் உத்தரவு ஒன்று வெளியாயிற்று. ஆங்கிலேயர் 10 எழுத்தில் எழுதிவந்த கோயம்புத்தூர் 14 எழுத்தாக நீண்டது. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ஈ என்னும் ஆங்கில எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கில வழக்கில் அவ்விரட்டை 'ஈ' என்றே ஒலிக்குமாதலால், படித்தவர்கள் 'வீலூர்' என்று படித்து நகைத்தார்கள். அம்மாதத்திலேயே உத்தரவு வாபஸாயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் கற்றுத் தேர்ந்தவர்கள் கூடிச் செய்த காரியத்துக்கே இக்கதி நேர்ந்ததென்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளையைக் கோபிப்பானேன்?

இனி, ஆங்கில எழுத்துக்கூட்டு இப்படிக் கோணலானதன் காரணத்தைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். அந்தப் பாஷையில் ஏறக்குறைய 44 ஒலிகள் உண்டு, எழுத்துக்களோ 26. இஃது ஒன்றே பாதி வினை. மீதிப் பாதி சரித்திரத்தால் வந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், பிரெஞ்சு வழக்கிற் பழகிய எழுத்தர்கள் தங்கள் முறைப்படி ஆங்கிலத்தை எழுதலாயினர். 1476இல் காக்ஸ்டன் என்பவர் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவினார். அச்சு வந்தால் எழுத்து நிலைபெறும் அன்றோ? நிலைபெறத் தொடங்கியது. ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில், 1400க்கும் 1700க்கும் இடையில், அந்நாட்டாரின் வாயில் நெட்டுயிர்கள் யாவும் இடம் மாறிவிட்டன. முன்னே 'நாமெ' என்றிருந்த சொல் 'நேம்' ஆயிற்று. (நாம் வழங்கும் நாமம் என்ற வடசொல்லும் அதுவும் ஒரே குலத்துச் சொற்கள் என்பதை இங்கே நினைக்கலாம்.) 'டீமெ' என்றிருந்தது 'டைம்' ஆயிற்று. வாய் மாறியது, அச்செழுத்து மாறவில்லை. இரவைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் நடுவே ஜியும் எச்சும் ஊமையாய் நிற்பதேன்? முன்னாளில் அவை தொண்டையிற் பிறந்த ஓர் ஒலியைக் காட்டின. ஒலி போயிற்று, எழுத்துத் தங்கிற்று. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்பதன் தலையில் நிற்கும் கே என்பதும் ஒருகாலத்தில் வாயால் ஒலிக்கப்பட்டதே.

கல்வி மிகுந்தவர்கள் தம் பங்குக்குச் செய்த உபகாரமும் உண்டு! கடன் என்று பொருள்படும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து பி என்னும் எழுத்தின்றியே வந்தது. லத்தீன் மூலத்தில் அவ்வெழுத்து இருப்பதைக் கண்ட பண்டிதர்கள், அதை எவரும் உச்சரியாதிருந்தும் நடுவே செருகிவிட்டனர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதில் எஸ் புகுந்த கதை இதனினும் விசித்திரம். அச்சொல் லத்தீனிலிருந்து வந்ததே அன்று. லத்தீனென்று தவறாகக் கருதி எஸ்ஸை நுழைத்தார்கள். பெரியவர்கள் செய்த பிழையை மனப்பாடம் பண்ணாததற்காக நம் சிறுவன் பிரம்படி பட்டிருக்கிறான்!

ஓ-யு-ஜி-எச் என்னும் நான்கெழுத்துச் சேர்க்கையை மட்டும் பாருங்கள். ஒரு சொல்லில் 'தோ', இன்னொன்றில் 'த்ரூ', வேறொன்றில் 'டஃப்', மற்றொன்றில் 'காஃப்', பிறிதொன்றில் 'பௌ'. விதி சொல்லுங்கள் என்று குழந்தை கேட்டால் உபாத்தியாயர் என்ன சொல்வார்?

ஆங்கிலேயர் மக்களுக்கே இது சுலபமன்று. 2003இல் ஸீமூர் என்பவரும் அவருடைய தோழரும் ஐரோப்பியப் பாஷைகள் பலவற்றை ஒப்பிட்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், மற்றப் பாஷைகளுட் பெரும்பாலானவற்றைப் படிக்கும் குழந்தைகள் ஒரே ஆண்டில் அடையும் வாசிப்புத் திறனை அடைய, ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளுக்கு இரண்டாண்டுக்கு மேற்செல்கிறது என்று கண்டனர். இத்தனைக்கும் அது அவர்கள் தாய்மொழி.

இவ்வளவு சொன்னதால் நம் தமிழ் குறையற்றதென்று நான் மார் தட்டவில்லை. ந, ன என்னும் இரண்டும் இன்று நம் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ர, ற என்பவற்றையும் பலர் வேறுபடுத்துவதில்லை. ழகரம் படும் பாடு உலகறியும். நம் பிள்ளைகள் தமிழில் விடும் பிழைகளுட் பல இவ்விடங்களிலேயே நிகழ்கின்றன. எனினும் 1935இல் பெரியார் ஈ.வெ.ரா. கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1978இல் ஏற்றுக்கொண்டதுபோல், இடர் தரும் சில வடிவங்களை மாற்ற நமக்கு மனம் வந்தது. ஆங்கிலத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. 1906இல் அமெரிக்கத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் 300 சொற்களை எளிதாக எழுதச் செய்ய முயன்றார். அந்நாட்டுக் காங்கிரஸ் சபை இணங்கவில்லை.

இலக்கணத்துக்கு வருவோம். நம்மவர் செய்யும் 'தவறுகளை' உற்று நோக்கினால், அவை தமிழ் இலக்கணத்துக்குப் பணிந்து நடப்பனவாகவே இருக்கும். ஸ்கூல் என்பதைக் கிராமத்தார் 'இஸ்கூல்' என்கிறார்கள். இரண்டு மெய்கள் கூடிச் சொல்லுக்கு முதலாக வருவதைத் தமிழ் ஏற்காது. இன்ன எழுத்தே மொழிக்கு முதலாகும் என்று தொல்காப்பியர் வரையறுத்திருக்கிறார். ராமனை இராமன் என்று புலவர் எழுதினால் மரபு. ஸ்டேஷனை இஸ்டேஷன் என்று உழவர் சொன்னால் மட்டும் ஏளனமோ?

'மாடு வந்தது' என்றால் எந்த மாடு என்பது நமக்கு இடத்தால் விளங்கும். ஆங்கிலேயர்க்கோ 'ஏ', 'தி' என்னும் சிறு சொற்களுள் ஒன்று முன்னே வந்தாக வேண்டும். 'பத்து மரம் நட்டேன்' என்று நாம் சொல்லலாம். பத்து என்றபின் பன்மை விகுதி எதற்கு என்பது நம் நியாயம். வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று நம் வினைமுற்று தன் எழுவாயைத் தானே காட்டிவிடும். ஆங்கில வினைகள் அவ்விகுதிகளை ஏறக்குறைய எல்லாம் இழந்து, நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மாத்திரம் ஓர் எஸ்ஸை வைத்துக்கொண்டிருக்கின்றன. அநாதையாய் நிற்கும் அந்த எஸ்ஸைத்தான் நம் பையன் மறக்கிறான். 'டிஸ்கஸ்' என்னும் சொல்லிலேயே 'பற்றி' என்ற பொருள் அடங்கியிருக்க, 'அபௌட்' என்று இன்னொரு 'பற்றி'யை அவன் சேர்ப்பதும் தமிழ் வேற்றுமையின் வேலையே.

இவ்விஷயத்தில் நமக்குத் தோழர் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனியார் கார் உற்பத்தியைத் தொடங்கியது முதல், கொரிய தேசத்தார் பலர் இப்பக்கம் வந்து வசிக்கிறார்கள், ஜப்பானியரும் வந்திருக்கிறார்கள். அவர்கள் பாஷைகளிலும் வினை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வரும். 'ஏ', 'தி' என்பவை இல்லை. ஆதலால் கொரிய எஞ்சினீயர் விடும் பிழையும் நம் பையன் விடும் பிழையும் பெரும்பாலும் ஒரே அச்சு. ஆயினும் அவர் கூசாமற் பேசிக் காரியத்தை முடித்துக்கொள்கிறார். நம்மவன் தலை குனிகிறான். அவருக்குப் பின்னால் பதவி இருக்கிறது என்பீர்கள், மெய்தான். அந்த மெய்யை நம் பிள்ளைக்கும் சொல்லிவிட்டால், தன்னிடம் உள்ள குறை அறிவுக்குறையன்று என்பதாவது அவனுக்கு விளங்கும்.

அதற்காக ஆங்கிலத்தைத் தள்ளிவிடலாம் என்பாரோடு எனக்கு இணக்கமில்லை. மின்சாரப் பெட்டியின்மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படியாதவன் கையை இழப்பான். அத்தகைய எச்சரிக்கைகள் தமிழிலும் இருக்கவேண்டுமென்று ஆலையாரைக் கேட்பது நம் உரிமை. ஆங்கிலத்தில் இருப்பதைப் படிக்கக் கற்பது நம் கடமை. ஆனால் கற்பிக்கும் முறை மாறவேண்டும். எஸ்-சி-எச்-ஓ-ஓ-எல் என்று எழுத்தின் பெயர்களை ராகம்போட்டு ஒப்பிப்பதால் ஒலி வாராது. எழுத்துக்கு உரிய ஒலியை முன்னே சொல்லி, விதிக்கு அடங்கும் சொற்களை முதலிலும், அடங்காதவற்றை அவற்றின் கதையோடு பின்னரும் கற்பிக்கவேண்டும். தமிழைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கே இது எளிதில் ஏறும்; ஆதலின் தமிழ் முன்னே.

நம் சங்கத்தார் ஆண்டுவிழாப் பந்தலுக்கு ஒதுக்கும் தொகையிற் பாதியைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை தோறும் ஒரு வகுப்பு நடத்தலாம் என்பது என் விண்ணப்பம். ஆலைகளிற் பணிசெய்யும் நம் இளைஞர்கள், தாங்கள் அங்கே அன்றாடம் காணும் பலகைகளிலும் படிவங்களிலும் உள்ள சொற்களைத் தொகுத்துக் கொடுத்தால், அதுவே முதற்பாடம் ஆகும். கற்பிக்க முன்வருவோரும் கற்க விரும்புவோரும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளின் பெயர்களையும் பெற்றோர் தவறாமற் கொடுக்கவேண்டும்.