காலியாகும் முன்னே போய்ச் சேரணும்



1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து நோட்டில் கணக்கு எழுதிப் பழகினவங்க நாம். அந்தப் பழக்கம் எனக்கு எப்படிக் கை கொடுத்தது என்று சொல்கிறேன்.

எங்கள் குழு நாப்கின் தயாரிக்கிறது. பதினான்கு பள்ளிகளில் உள்ள நாப்கின் இயந்திரங்களை நிரப்புவதும், காசுப் பெட்டியைத் திறந்து எண்ணுவதும் என் வேலை. முன்பு வாரத்துக்கு ஒரு பக்கம் என்று முறை வைத்துப் போவேன். சின்னப் பள்ளியில் போட்டது அப்படியே இருக்கும். பெரிய பள்ளியில் என்றைக்கோ தீர்ந்திருக்கும்.

ஒரு பொண்ணு சொன்னாள்: "அக்கா, காசு போட்டேன், ஒண்ணும் வரல. பரீட்சை எழுதாம வீட்டுக்குப் போயிட்டேன்." எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இப்போது போனில் ஒரு செயலி வைத்திருக்கிறோம். மீதி எவ்வளவு, புதிதாகப் போட்டது எவ்வளவு, காசு சிக்கியிருக்கா என்று அங்கேயே பதிகிறேன். எது எப்போ தீரும் என்று கணக்குப் போட்டு, அவசரமான பள்ளிகளை முதலில் வைத்து வழி காட்டுது. வீண் அலைச்சலும் ஆட்டோ வாடகையும் குறைஞ்சிருக்கு.

ஆனால் தேர்வு நாளும் உள்ளூர் விடுமுறையும் அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும். வீட்டுக்கு வந்து குத்துமதிப்பா எண்ணிக்கை போட்டா, வழியும் குத்துமதிப்பாத்தான் வரும்.

போனைப் பார்த்துப் பயப்படாதீங்க. சேமிப்புக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதின கைதானே இது? எண்ணிப் போடுங்க. ஒரு பொண்ணோட பரீட்சை அதில் இருக்கு.