ரோமமில்லாப் பூனைக்குட்டி
1966-இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஒரு சாதாரண வீட்டுப் பூனை, ரோமமே இல்லாத குட்டி ஒன்றை ஈன்றது. இயற்கையாக நேர்ந்த மரபணு மாற்றம் அது. ஸ்பிங்க்ஸ் பூனையினத்தின் கதை அங்கேதான் தொடங்கியது.

இந்த இனத்தில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் அதிகம். குட்டி துறுதுறுவென்று இருக்கும். ஆனால் நோய் பெரும்பாலும் அது வளர்ந்த பிறகே வெளிப்படும். அதனால் குட்டி வாங்க நினைத்தால், விலையைக் கேட்குமுன் விற்பவரிடம், தாய்க்கும் தந்தைக்கும் இதய எக்கோ பரிசோதனை எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். பூனைகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் நல்ல பிரீடர் அறிக்கையைக் காட்டுவார். தாய்ப்பூனையைப் பார்க்க விடுவார். மூன்று மாதம் ஆகாமல் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார். வாரம் ஒருமுறை குளிப்பாட்டுவீர்களா, குளிரிலிருந்து காப்பீர்களா என்று உங்களையும் விசாரிப்பார். அப்படி விசாரிப்பவரிடமே வாங்குங்கள். படத்தை மட்டும் அனுப்பி முன்பணம் கேட்பவரிடம் வேண்டாம்.