சர்க்கரைச் சீட்டில் இரவுக்கும் ஓர் இடம்



நீரிழிவு மருத்துவர்களும் நுரையீரல் மருத்துவர்களும் காது மூக்குத் தொண்டை மருத்துவர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து உட்காரும் நாள் அபூர்வமானது. தூக்கத்தில் மூச்சு அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் உள்ள உறவு இன்று அவர்களைக் கூட்டியிருக்கிறது. நோயாளி ஒருவர்தான். அவருடைய தொண்டை ஒரு துறைக்கும் கணையம் இன்னொரு துறைக்கும் பங்கு பிரிந்துபோனதால் நேர்ந்த இழப்பு பெரியது. அந்த இழப்பைப் பற்றியதே இந்தத் தலைமை உரை.

சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் தேசிய முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேருக்கு அதன் முந்தைய நிலை என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. உலகில் 30 முதல் 69 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 93 கோடியே 60 லட்சம் பேருக்குச் சிறிதாகவோ பெரிதாகவோ மூச்சடைப்பு இருக்கும் என்பது 2019-இல் லான்செட் குழும இதழொன்றில் வந்த மதிப்பீடு. இவை இரண்டும் தனித்தனிக் கூட்டங்கள் அல்ல. அமெரிக்காவில் உடல் பருமனும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ள 306 பேரைக் கேரி ஃபாஸ்டர் குழுவினர் தூக்கப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவு, அவர்களில் 86 சதவீதம் பேருக்கு மூச்சடைப்பு இருந்தது என்பதாகும். சென்னையிலேயே நடந்த கியூர்ஸ் ஆய்வும் குறட்டைக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது.

இரவில் நடப்பது என்ன? தூக்கம் ஆழமாகும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இளநீரில் ஊறிப்போன காகிதக் குழாய் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்வதுபோல் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது, பெருஞ்சத்தத்துடன் மூச்சு திரும்புகிறது. காலையில் அந்த மனிதருக்கு இவற்றில் எதுவும் நினைவிருக்காது. இப்படி மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய், 30-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு தடைபடுகிறது என்று பொருள்.

ஒவ்வொரு தடவையும் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, கார்டிசால் ஏறுகிறது, கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் விடுகிறது, தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கின்றன. இது ஊகமன்று. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நரேஷ் பஞ்சாபியும் சக ஆய்வாளரும் 13 ஆரோக்கியமான தன்னார்வலர்களை விழித்திருக்கும் நிலையிலேயே ஐந்து மணி நேரம் ஆக்சிஜன் ஏறி இறங்கும் காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் 17 சதவீதம் குறைந்தது. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கவும் இல்லை. தூக்கம் கெடுவது மட்டுமே போதும் என்பதற்கும் சான்று உண்டு. 1999-இல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, சர்க்கரையைக் கையாளும் அவர்களது திறன் தெளிவாகவே சரிந்தது. மூச்சடைப்புள்ளவருக்கு இந்த இரண்டு தண்டனையும் ஒரே இரவில் கிடைக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் சர்க்கரை மருத்துவமனைகளில் இந்நோய் ஏன் கண்ணில் படுவதில்லை? அது சர்க்கரையின் நிழலிலேயே மறைந்துகொள்கிறது என்பதே விடை. இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்றால், சர்க்கரை கூடியிருக்கிறது என்று எழுதிவிடுகிறார்கள். மூச்சு அடைபடும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அழுத்த மாற்றத்தால் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அதுவும் சிறுநீரைப் பெருக்கும் என்பது பலர் நினைவுக்கு வருவதில்லை. பகல் முழுக்கச் சோர்வு என்றாலும் பழி சர்க்கரைக்கே போகிறது. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை இறங்கவில்லை என்றால், முந்தைய இரவு சாப்பிட்ட இட்லியின் எண்ணிக்கையைக் கேட்கிறார்களே தவிர, தூக்கத்தைக் கேட்பதில்லை. அந்த உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கேட்காமல் விட்ட கேள்விக்கு எந்தப் பரிசோதனைக்கூடமும் விடை தராது.

குண்டானவர்களுக்கு மட்டுமே இது வரும் என்ற எண்ணமும் தவறு. தாடை அமைப்பின் காரணமாக ஆசியர்களில் பலருக்குக் குறைந்த எடையிலேயே வருகிறது. பெண்களிடம் இன்னும் எளிதாக மறைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. ஆனால் அவர்கள் குறட்டையைச் சொல்வதில்லை, அசதி என்றும் தூக்கம் வரவில்லை என்றும் சொல்கிறார்கள். அம்மா குறட்டை விடுகிறார் என்று மருத்துவரிடம் சொல்ல வீட்டாருக்கும் கூச்சம். அந்தக் கூச்சத்தை உடைக்க வேண்டியவர் மருத்துவரே.

சிகிச்சை என்று வரும்போது உண்மையை மழுப்பாமல் பேச வேண்டும். 1981-இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் ஐந்து நோயாளிகளின் மூக்கு வழியே இடைவிடாத காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்துக் காட்டினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழியாக இருந்தது. சிபாப் என்று அழைக்கப்படும் அந்தக் கருவி மூச்சைக் காப்பாற்றுகிறது என்பதில் ஐயமில்லை. சர்க்கரையைக் குறைக்கிறதா? 298 நோயாளிகளை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2016-இல் வெளியான கிளைகோசா ஆய்வில், சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவில் வேறுபாடு தெரியவில்லை. ஓரளவு கட்டுப்பாட்டில் இருந்தவர்களையே அந்த ஆய்வு சேர்த்திருந்தது. இதற்கு மாறாக, சிகாகோவில் ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் இரவுதோறும் எட்டு மணி நேரம் சிபாப் முகமூடியைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டபோது, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களின் சர்க்கரை மேம்பட்டது.

இந்த முரண்பாட்டில்தான் பாடம் இருக்கிறது. கனவு காணும் ரெம் உறக்கம் பெரும்பாலும் இரவின் பின்பாதியில் வருகிறது. அப்போதைய மூச்சடைப்பே ஹெச்பிஏ1சியுடன் அதிகம் தொடர்புடையது என்று கண்டிருக்கிறார்கள். வீட்டில் நள்ளிரவு தாண்டி முகமூடியைக் கழற்றிப் போட்டுவிடுபவருக்கு அந்தப் பகுதி சிகிச்சையே இல்லாமல் போகிறது. கருவி வாங்கிக் கொடுத்தாயிற்று என்று கோப்பை மூடுவது மருத்துவமாகாது. முகமூடி பொருந்துகிறதா, மூக்கு உலர்கிறதா, மின்வெட்டு நேரத்தில் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும்.

எடைக் குறைப்பு இரு நோய்களையும் ஒருசேரத் தொடுகிறது. ஃபாஸ்டர் குழுவினரின் ஆய்வில் ஓராண்டில் பத்துக் கிலோவுக்கு மேல் குறைத்தவர்களின் குழுவில் மூச்சடைப்பும் கணிசமாகக் குறைந்தது. சர்க்கரைக்கென வந்த டிர்செபடைடு என்ற ஊசி மருந்தை, உடல் பருமனுடன் மிதமான அல்லது கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களுக்கும் தரலாம் என்று 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. இது நல்ல செய்தி. ஆனால் அதன் விலை கூலித் தொழிலாளிக்கு எட்டாது என்பதையும் இதே அவை சொல்லியாக வேண்டும்.

எனவே இந்தக் கருத்தரங்கின் முன் வைக்கப்படும் வேண்டுகோள் செலவில்லாதது. டொரண்டோவில் பிரான்சிஸ் சங் உருவாக்கிய ஸ்டாப்-பாங் வினாப் பட்டியலில் எட்டே கேள்விகள். குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, இரத்த அழுத்தம், உடல் எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவையே அவை. ஒரு தையல் டேப்பும் இரண்டு நிமிடமும் போதும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே போகின்றன. அவற்றைக் கொண்டுபோகும் சகோதரி, நோயாளியின் அருகில் தூங்குபவரைப் பார்த்து நேரடியாகக் கேட்கக்கூடியவர். அந்த வாய்ப்பு எந்தப் பெரிய மருத்துவமனைக்கும் இல்லை. எட்டுக் கேள்விகளையும் எளிய தமிழில் அமைத்து, இங்குள்ள நோயாளிகளிடம் சோதித்து, சர்க்கரைச் சீட்டின் முதல் பக்கத்தில் அச்சிடப் பரிந்துரைக்கும் தீர்மானம் ஒன்றை இந்த மாநாடு முடிவதற்குள் நிறைவேற்றித் தர வேண்டும் என்று அவையைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைப்பது தலைமையின் கடமை.