சுண்டெலி சொல்லும் சாட்சி

எலுமிச்சைப்புல்லைக் கொதிக்க வைத்துக் குடித்தால் வலி தணியும் என்பது பிரேசில் நாட்டு மக்களின் நெடுநாளைய நம்பிக்கை. அதை ஆய்வுக்கூடத்தில் எவ்வாறு சோதிப்பது? சுண்டெலியோ வாயில்லாப் பிராணி. அதன் செயலையே சொல்லாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

சுமார் 55 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள தட்டின்மீது எலியை விடுவார்கள். சூடு பொறுக்காமல் அது பாதத்தை நக்கும், அல்லது துள்ளும். அதுவரை கழியும் நொடிகளே கணக்கு. நக்காவிடினும் குறித்த நொடியில் எடுத்துவிடுவார்கள். பாதம் வெந்துபோகலாகாது அல்லவா? எண்ணெய் ஊட்டிய எலி, ஊட்டாத எலியைவிட நெடுநேரம் பொறுத்திருந்தால் வலி குறைந்தது என்று சொல்லிவிடலாமா? அவசரம் வேண்டாம், நண்பர்களே! நறுமண எண்ணெய்கள் சில மயக்கமும் தரவல்லவை. தளர்ந்து துவண்ட எலியும் பாதத்தை நக்காது. ஆகவே, சுழலும் உருளையின்மீதும் எலியை ஏற்றிப் பார்க்கிறார்கள். விழாமல் நடந்தால்தான் முதற்சோதனைக்கு மதிப்பு. ஓர் உயிரை வருத்திப் பெற்ற விடை பிழையாகவும் போய்விட்டால், அதைவிடக் கொடுமை வேறில்லை என்பேன்.

அப்புல்லின் எண்ணெயில் மிர்சீன் என்னும் பொருள் உண்டு. 1990-இல் வெளியான ஆய்வொன்றில் அது சுண்டெலிகளின் வலியுணர்வைக் குறைத்தது. அபினி மருந்துகளை முறிக்கும் நலாக்சோனை முன்னதாகச் செலுத்தியபோது அப்பயன் குன்றியது. 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வோ, மூளையில் வேலை செய்யும் மார்பினைப் போலன்றி, வலிக்கும் இடத்திலேயே மிர்சீன் வேலை செய்கிறது என்றது.