ஜெர்மன் நாட்டில் மொழி பயிலும் மாணவர் வாழ்க்கை

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களிற் பல, ஜெர்மன் நாடு சென்று பயில விரும்பும் பிள்ளைகளுடையவை என்று காரியதரிசியவர்கள் எம்மிடம் கூறினார்கள். அப்பிள்ளைகளின் தாய்மாரோ, அங்கே என்ன உண்பார்கள், யாருடன் பேசுவார்கள், அந்த மொழி நாவில் வருமா என்று வினவுகின்றார்களாம். யாம் 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச்சு வரை ஊதியமில்லா விடுப்புப் பெற்று, ஹாலே என்னும் நகரில் ஜெர்மன் மொழி பயின்று திரும்பினோம். ஆதலின் கண்டதைக் கண்டவாறே கூறுமாறு எம்மைப் பணித்தனர்.

தமிழ்ப் பண்டிதனுக்கு ஜெர்மன் மொழி எற்றுக்கு என்று அன்பர் பலர் கேட்டதுண்டு. விடை நம் தரங்கம்பாடியில் இருக்கின்றது. ஹாலேயிற் கல்வி கற்ற சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். அவர் சிறுவரோடு சிறுவராய்த் திண்ணைப் பள்ளியில் அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகியவர். தமிழ் அச்செழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பெற்றுக் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் அந்நகரிலேயே அச்சாயிற்று. மலையப்பன் என்னும் தமிழிளைஞர் அவருடன் 1714-இல் கடல் கடந்து ஐரோப்பா சென்றார். இவற்றையெல்லாம் நம்மில் அறிந்தோர் உளர். அறியாதது ஒன்றுண்டு. அக்காலத் தமிழ் மக்கள், தங்கள் வழிபாடு, மணவினை, உணவு, நூல் ஆகியன பற்றிப் பாதிரிமார் கேட்ட வினாக்களுக்கு விடையாகக் கடிதங்கள் எழுதினார்கள். அவற்றின் தமிழ் மூலம் நமக்குக் கிட்டவில்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பே எஞ்சி நிற்கின்றது. நம் முன்னோர் சொன்ன சொல்லைக் கேட்க வேண்டுமானால் நாம் அயல்மொழி வாயிலிற் சென்று நிற்க வேண்டியிருக்கின்றது. யாம் சென்றது அதன்பொருட்டே.

இனி மொழியைப் பற்றிச் சிறிது கூறுவோம். நம் தமிழில் திணையும் பாலும் பொருளை நோக்கி அமைந்தவை. ஜெர்மன் மொழியிலோ ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண், பெண், அலி என மூன்றில் ஒன்றாய்ப் பிறந்துவிட்டது. காரணம் கேட்டாற் கிடையாது. உண்ணும் மேசையிலே கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமன்று. ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமியைக் குறிக்கும் 'மெட்சென்' என்னும் சொல் பெண்பாலாகாது, அலியாய் நிற்கும்! இதனைக் கேட்டு எம் வகுப்பில் நகைக்காதார் இல்லை. எண்ணுப்பெயரும் புரட்டித்தான் வரும். இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பர். ஒருவர் தம் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாக விரைந்து சொன்னால், எழுதுவோன் கை முன்னும் பின்னுமாக ஓடும்.

எனினும் தமிழ் கற்ற பிள்ளைக்கு அம்மொழியில் சில கதவுகள் தாமே திறக்கும். சார்பு வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வரும். 'மழை பெய்தபடியால்' என்று நாம் வினையை ஈற்றில் வைப்பது போலவே அவர்களும் வைப்பர். பிரேசில் நாட்டு மாணவன் வினை எப்போது வரும் என்று மூச்சடக்கிக் காத்திருந்த இடத்தில் எமக்கு வீட்டுத் திண்ணையில் அமர்ந்தாற் போன்றிருந்தது. 'நேற்று என்னால் வாங்கப்பட்ட தொப்பி' என்று பெயரெச்சத் தொடரைப் பெயருக்கு முன்னே அடுக்குவது ஆங்கிலத்தில் இயலாது, ஜெர்மனில் இயலும், காரியாலயக் கடிதங்களில் அது மலிந்து கிடக்கும். தொகைச்சொற்களோ நம்முடையவற்றைப் போலவே ஒன்றோடொன்று ஒட்டி நீளும். கையுறையைக் 'கைச்செருப்பு' என்றும், குளிர்ப்பெட்டியைக் 'குளிர் அலமாரி' என்றும் அவர்கள் சேர்த்துச் சொல்வர். ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மனைக் கற்பிக்கும் நம்மூர் ஆசிரியர்கள், தமிழ் இலக்கணத்தின் வழியாக ஒருமுறை கற்பித்துப் பார்ப்பாராயின் பிள்ளைகட்குப் பாதி அச்சம் தீரும் என்பது எம் துணிபு.

ஒலியில் மட்டும் இடர் உண்டு. நாவை இகரத்தில் நிறுத்தி இதழை உகரத்துக்குக் குவித்தாற் பிறக்கும் உயிர் ஒன்று அவர்களிடம் உண்டு. அதனைக் கைவரப் பெற எமக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆனால் எம் ஆசிரியைக்கு நம் ழகரம் ஆறு திங்களிலும் வரவில்லை. ஆதலின் கணக்கு நேராயிற்று.

நாளின் நடையைக் கூறுவோம். மார்கழித் திங்களில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் ஞாயிறு தோன்றும். மாலை நான்கு மணிக்கே மறையும். வகுப்புக்குச் செல்லும்போதும் இருள். கடைக்குச் சென்று மீளும்போதும் இருள். எட்டரை மணிக்கு வகுப்பு. எட்டு இருபத்தைந்துக்கு வந்தவனே நேரத்துக்கு வந்தவன். பல்கலைக்கழக விரிவுரைகளில் மட்டும் குறித்த மணிக்குக் கால்மணி கழித்துத் தொடங்கும் பழைய வழக்கம் ஒன்றுண்டு. விரிவுரை முடிந்தால் கைகொட்டார். மாணவர் மேசையை விரல்முட்டியால் தட்டுவர். எம் வகுப்பில் சிரியா, உக்ரைன், வியட்நாம், பிரேசில் முதலிய நாட்டார் இருந்தனர். பெரும்பாலார் இருபது வயதினர், யாம் நாற்பத்தாறு. அவர்கட்குள் பொதுமொழி வேறில்லாமையால் உடைந்த ஜெர்மனே பொதுமொழியாயிற்று. உண்மையில் யாம் பேசக் கற்றது ஆசிரியையிடமன்று, இடைவேளையில் அவ்விளைஞரிடமே.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாதன்றோ? கடவுச்சீட்டில் அவ்விடத்தில் தந்தை பெயரை இட்டிருப்போம். அந்நாட்டாரோ மரியாதைக்குரிய 'ஹெர்' என்னும் அடையைக் குடும்பப்பெயரோடுதான் சேர்ப்பர். ஆதலின் ஆறு திங்களும் எம்மை எம் தந்தையார் பெயராலேயே விளித்தனர். தம் வாழ்நாளில் மதுரைக்கு அப்பாற் செல்லாத எம் தந்தையார் பெயர், ஹாலே நகரத்து மருத்துவர் வாயிலும் அஞ்சற்காரர் வாயிலும் நாள்தோறும் ஒலித்தது.

உணவுக்கு அஞ்ச வேண்டா. அரிசியும் பருப்பும் புளியும் கிடைக்கும். ஹாலே, 1990-இல் நாடு ஒன்றாகும் வரை கிழக்கு ஜெர்மன் ஆட்சியில் இருந்தது; அக்காலத்தில் தொழிலுக்கு வந்து தங்கிய வியட்நாம் மக்களின் கடைகளே எமக்கு உதவின. கறிவேப்பிலை மட்டும் பொன்போல் அரியது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். சனிக்கிழமையே வாங்கிவைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் ஓசை ஆகாது. ஞாயிறு காலையில் சட்னிக்கு மிக்ஸியை ஓட்டினால் கீழ்வீட்டார் வந்து கதவைத் தட்டக்கூடும். குப்பையைக் காகிதம், நெகிழி, மக்குவது, மக்காதது எனப் பிரித்து வெவ்வேறு தொட்டியில் இட வேண்டும். நீர் வாங்கும் நெகிழிப் புட்டிக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டு, வெற்றுப் புட்டியைத் திருப்பித் தந்தால் மீட்டுக் கொடுப்பர். மாணவர் புட்டி சேர்த்துவைத்து மாதக் கடைசியில் அரிசி வாங்குவதைக் கண்டோம். இது இழிவன்று.

பொருட்செலவை இளைஞர் தெளிவாக அறிதல் வேண்டும். மாணவர் ஓர் ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோவை ஒரு கணக்கில் முன்னரே இட்டுக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த விதி. அதிலிருந்து மாதம் 992 யூரோவே எடுக்கலாம். நம் நாட்டுப் பட்டங்களைச் சரிபார்க்கும் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம் ஆயிற்று. உள்ளூர் வண்டிகளில் நாடெங்கும் செல்ல ஒரே மாதச்சீட்டு 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்கு வந்தது. 2025 சனவரியில் 58, 2026 சனவரியில் 63 ஆயிற்று. விலை ஏறுவது எந்நாட்டுக்கும் பொது. இவற்றினும் முதன்மையானது ஒன்று: அந்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பாலானவை கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. இதனை மறைத்து, பெருங்கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளுக்கே பிள்ளைகளைத் திருப்பிவிடும் முகவர்கள் நம்மூரில் உளர்.

அத்தகைய முகவர் ஒருவரிடம் அகப்பட்ட இளைஞர் ஒருவரை ஹாலேயிற் கண்டோம். நம்மவர், பெயர் வேண்டா. இரண்டு ஏக்கர் நன்செய்யை அடகு வைத்து அவரை அனுப்பியிருந்தனர். 'பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஜெர்மன் தேவையில்லை' என்று முகவர் சொல்லியிருந்தார். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது மெய்தான். ஆனால் வீடு, மருத்துவம், வேலை, காரியாலயம் யாவும் ஜெர்மனில் நடந்தன. பல்கலைக்கழக மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள் வேலை செய்யலாம் என்பது சட்டம். ஆனால் மொழியறியாதாருக்கு அந்நகரில் எவர் வேலை தருவர்?

ஒருநாள் அவர் அறைக்குச் சென்றோம். மேசைமேல் பிரிக்கப்படாத கடிதங்கள் பதினான்கு கிடந்தன. அந்நாட்டில் எல்லாம் கடிதத்தில்தான் வரும். ஏன் பிரிக்கவில்லை என்றோம். 'ஐயா, பிரித்தால் ஒன்றும் புரிவதில்லை. புரியாததைப் பார்க்க நெஞ்சு பதைக்கிறது' என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்து அகராதியோடு படித்தோம். பதினொன்று விளம்பரமும் வங்கிக் குறிப்பும். ஒன்று, வீட்டுக்கு வீடு வாங்கும் வானொலி தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18.36 யூரோ. ஒன்று, நூலகத்து நினைவூட்டு. மற்றொன்று, அயல்நாட்டாருக்குரிய காரியாலயத்திலிருந்து வந்தது: தங்குமிட உரிமையை நீட்டிக்க மருத்துவக் காப்பீட்டுச் சான்றை இன்ன நாளுக்குள் அனுப்புக என்பது. அந்நாளுக்கு இரண்டு நாளே எஞ்சியிருந்தது. சான்று அவர் பெட்டியிலேயே இருந்தது! மறுநாட் காலை அவருடன் சென்று அதனைக் கொடுத்தோம். மேசைக்கு அப்பாலிருந்த அம்மையார் கடிந்துரைக்கவில்லை. முத்திரை இட்டு, 'இனிக் கடிதத்தைப் பிரியுங்கள்' என்று மட்டும் மெல்லச் சொன்னார். அடுத்த வாரமே அவ்விளைஞர் மாலை வகுப்பிற் சேர்ந்தார். இரண்டு ஏக்கர் நன்செய்யும் ஒரு குடும்பத்தின் எதிர்பார்ப்பும் பிரிக்காத ஓர் உறைக்குள் கிடந்தன என்பதை நம் நிதிக் குழுவார் கருத வேண்டுகின்றோம். உதவித்தொகை பெறுவோர் புறப்படுமுன் மொழித்தேர்வில் முதல் இரண்டு படிகளையேனும் இங்கேயே முடிக்க வேண்டும் என்றும், அவ்வகுப்புக்குரிய கட்டணத்தைச் சங்கமே ஏற்க வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளோம். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவனத்தில் அத்தேர்வுகள் நடைபெறுகின்றன.

யாம் தங்கியிருந்த வீட்டுக்காரர் எழுபது கடந்த ஒரு மூதாட்டியார். ஞாயிறுதோறும் மாலையில் அவர் காப்பியும் அப்பமும் தந்து எம்மைப் பேசவைப்பார். பிழையைத் திருத்துவதில் இரக்கமே காட்டார். அம்மொழியிலும் 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு உண்டு. 'நீங்கள்' என்பதற்கும் 'அவர்கள்' என்பதற்கும் ஒலி ஒன்றே. மரியாதை பன்மையில் நிற்பது நமக்குப் புதிதன்று. முன்பின் அறியாரை 'நீ' என்றல் பிழை. மூத்தவர் தாமே முன்வந்து அவ்வுரிமையைத் தர வேண்டும். பிப்பிரவரித் திங்களில் ஒருநாள் அம்மூதாட்டியார் எம்மை நோக்கி, 'இனி என்னை நீ என்றே சொல்லலாம்' என்றார். அது பெரியதோர் அன்பின் அடையாளம் என்பதை அறிவோம். ஆயினும் தாயை ஒத்த ஒருவரை 'நீ' என்று சொல்ல நா எழவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தோம்: நம் வீடுகளில் தாயை 'நீ' என்றுதானே அழைக்கின்றோம்? இதனை உடைந்த ஜெர்மனில் எடுத்துரைத்தபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு எழுந்து இன்னுமொரு துண்டு அப்பம் வைத்தார்.

பிற்பகற்பொழுதுகளில் பிராங்கே என்பார் 1698-இல் நிறுவிய கல்விநிலையத்தின் நூலகத்திற்குச் செல்வோம். அங்கே தமிழ் ஓலைச்சுவடிகள் காக்கப்பெறுகின்றன. 1710 முதல் அந்நகரில் வெளிவந்த அறிக்கைகளின் தொகுதிகளில்தான் யாம் முன்னர்க் கூறிய கடிதங்கள் உள்ளன. அவற்றின் அச்செழுத்து இன்றைய ஜெர்மானியருக்கே இடர் தரும் பழைய உடைந்த வடிவம். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது சென்றது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வினைமுற்றைக் கண்டவுடன், இதனைத் தமிழில் எழுதியவர் எச்சொல்லை வைத்திருப்பார் என்று தேடி எம் குறிப்பேட்டின் வலப்புறத்தில் எழுதிவந்தோம். திரும்பும் நாளில் யாம் பதினோராம் பக்கத்தில் இருந்தோம். அக்குறிப்பேடு இதோ மேசைமேல் இருக்கின்றது. காண விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் வந்து காணலாம்.